தெய்வாத்தாள் காவல் இருந்த அணை

சரவணம்பட்டியின் கண்ணாடிக் கட்டடங்களை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேற்கே மலையைப் பார்த்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால், செல்போனில் வழி சொல்லும் பெண் குரலே குழம்பிப்போய் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் ஒரு வளைவு வரும். 'கண்ணையா லேக் ரிசார்ட்' என்று எழுதியிருக்கும். ஏரி என்பது சும்மா மரியாதைக்கு. அது ஒரு அணை. அதுவும் சொந்த அணை. மற்ற முதலாளிகள் சொந்தமாகக் கார் வைத்திருந்த காலத்தில், மில் முதலாளி கண்ணையா நாயுடு சொந்தமாக ஒரு அணை வைத்திருந்தார்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால், தன் தோட்டத்தின் நடுவே மலையிலிருந்து இறங்கி ஓடிய ஓடையை மறித்து, வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி, உருளை விட்டு அமுக்கி, உள்பக்கம் கல் பதித்துக் கட்டினார். பாசனத்துக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி வெங்கடலட்சுமியோடு படகில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பதற்கு. ஆசைப்பட்டால் அப்படி ஆசைப்பட வேண்டும்.

உயரம் இருபத்திரண்டு அடி, நீளம் முந்நூறு அடி. பெரிய அணைகளோடு வரிசையில் நிறுத்தினால் இது எல்.கே.ஜி. பிள்ளை. ஆனால் இந்த எல்.கே.ஜி. பிள்ளையின் காலடியில் பதினோரு வீடுகள் இருந்தன. கரைமேல் நின்று இந்தப் பக்கம் பார்த்தால் வாத்து வடிவப் படகுகள் மிதக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் ஓட்டுக்கூரைகள். வாத்துகள் மேலே, கூரைகள் கீழே. இதை ஒரு தடவை யோசித்தவர்கள் இரண்டாவது தடவை யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். தெய்வாத்தாளுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவில்லை.

தெய்வாத்தாள் அந்தப் பதினோரு வீட்டில் நான்காவது வீட்டுக்காரி. வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஏழாவது வரைக்கும். அதற்கப்புறம் கருமத்தம்பட்டியில் பத்தொன்பது வருடம் விசைத்தறி ஓட்டினாள். ஒரே ஆள் எட்டுத் தறி. அந்தச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. காதில் போனதெல்லாம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது போல. ஆயிரக்கணக்கான நூல் சரசரவென்று ஓடும்போது அதில் ஒரு நூல் அறுந்தால், மற்றவர்களுக்குத் துணி நெய்து முடித்த பிறகு தெரியும். அவளுக்கு அறும்போதே தெரியும். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து, தறிப்பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு அணைக்கு வேலைக்கு வந்தாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

வேலை என்ன என்றால், படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுவது, அவர்கள் முழுசாகத் திரும்பி வருகிறார்களா என்று எண்ணுவது. நடுத்தண்ணீரில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்கும் பையன்களை உட்கார வைக்க அவளிடம் ஒரு வழி இருந்தது.

"கண்ணு, பாத்து நில்லுங்க. முதலை முட்டை வெச்சிருக்குது. இந்த மாசம் அதுக்குக் கோவம் எச்சா வரும்."

அணையில் முதலை கிடையாது. ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஒருவன்கூட எழுந்து நிற்கவில்லை. விடுதியின் பெயருக்குக் கீழே ஆன்லைனில் நானூறு பேர் 'முதலையைப் பார்க்க முடியவில்லை' என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள்.

அவள் பார்த்த இன்னொரு வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. கரையின் அடிவாரத்தில், வெளிப்பக்கம், கல் சந்தில் ஒரு ஊற்று கசியும். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் நாள் பாத்திரம் கழுவக் குடத்தை வைத்தவள், நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே இருபத்திரண்டு அடி மண். அந்த மண்ணுக்கு அந்தப் பக்கம், தன் தலைக்கு மேலே, மீன் நீந்திக்கொண்டிருக்கிறது. தெய்வாத்தாள் குடம் நிறைந்து வழிவதையும் மறந்து நின்றாள். கோயில் கோபுரத்தடியில்கூட அவள் அப்படி நின்றதில்லை. கோபுரம் கல். இது வெறும் மண். தோட்டத்தில் நாம் மிதிக்கிற அதே மண். அது ராத்திரி பகலாகத் தோள் கொடுத்து அவ்வளவு தண்ணீரையும் தாங்கிக்கொண்டு, சும்மா இருப்பதுபோல் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் காலையில் குடத்தை வைத்துவிட்டு எண்ணுவாள். குடம் நிறைய நூற்றுப் பத்து எண்ண வேண்டும். மழைக்காலத்தில் நூறு. நல்ல கோடையில் நூற்று ஐம்பது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடிப்பாள். பிறகுதான் டீ.

கண்ணையா நாயுடு போனபிறகு நிர்வாகம் பேரன் யஷ்வந்த் கைக்கு வந்தது. நல்ல பையன். தீபாவளிக்கு எல்லோருக்கும் அவனே கையில் துணி கொடுப்பான். வெளிநாட்டில் ஹோட்டல் படிப்பு படித்தவன். அங்கே அணையைப் பற்றிப் பாடம் இல்லை. கரையின் நடுவில் தாத்தா நட்டு வளர்த்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று குடை மாதிரி நின்றது. அதை வெட்டி, அடிக்கட்டையின் மேல் பலகை அடித்து, சூரியன் மறைவதைப் பார்க்க மேடை போட்டான். அணையைத் திறக்கும் மதகுச் சக்கரம் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. அதை மூடி மேலே சிமெண்டில் ஆளுயரத்துக்கு ஒரு சிவப்பு இதயம் கட்டினான். காதலர்கள் அதற்குள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அணை நிறைந்தால் மிச்சத் தண்ணீர் ஓரமாக வழிந்து போவதற்குக் கலிங்கு என்று ஒரு வழி உண்டு. அதன் வழியாகத் தன் கட்லா மீன்கள் தப்பித்துப் போகின்றன என்று குறுக்கே வலை கட்டினான். இந்த ஐப்பசியில், வலைக்கு முன்னால் இரண்டு வரிசை மணல் மூட்டையும் அடுக்கினான். தண்ணீர் இன்னும் ஒன்றரை அடி ஏறியது.

அதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கவிருந்த கல்யாண ரிசப்ஷன். தண்ணீரின் மேல் மிதக்கும் மேடை, மேலே டிரோன். அணை தளும்பத் தளும்ப இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். மலையில் மழை. தண்ணீர் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் குடம் எழுபதில் நிறைந்தது.

தெய்வாத்தாள் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். எழுபது. தண்ணீர் என்னவோ தெளிவுதான். படகுக் கொட்டகையில் இருந்த ஒரு ஜூஸ் கிளாஸில் பிடித்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை அறுபத்திரண்டு. அன்று பிடித்த கிளாஸின் அடியில் நகக்கண் அளவு மண். யஷ்வந்துக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கரைக்குக் கீழ ஊத்துத் தண்ணி வேகமா வருதுங்க."

"மழை பேஞ்சா வரத்தானக்கா செய்யும்?"

"வருமுங்க. ஆனா நெறம் மாறுதுங்க."

"மழைத்தண்ணின்னா அப்படித்தானக்கா இருக்கும்."

"இது மழைத்தண்ணி இல்லீங்க. கரையோரம் அணைத்தண்ணி தெளிவாத்தான் நிக்குது. உள்ள தெளிவா போறது வெளிய செவப்பா வருதுன்னா, நடுவால எதையோ தின்னுபோட்டு வருதுங்க தம்பி."

"திங்கக்கிழமை ஆள் கூட்டிட்டு வந்து காட்டறேன். ஞாயிறு ஒண்ணு முடியட்டுங்க்கா" என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது. அதனால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை.

புதன்கிழமை ஐம்பது. வியாழக்கிழமை நாற்பத்து மூன்று. வியாழக்கிழமை படகேற வந்த ஒரு குடும்பத்தை, "இன்னைக்கு அணைக்கு ஒடம்பு செரியில்லீங்க, ஊட்டுக்குப் போங்க" என்று தாட்டிவிட்டாள். அவர்கள் நேராக ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள். யஷ்வந்த் வந்து கரையின் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்தான். வெள்ளை ஷூ. கீழே ஒரே சேறு. மேலேயிருந்து பார்த்தால் எந்த அணையும் நன்றாகத்தான் இருக்கும்.

"அக்கா, நீங்க ரெண்டு நாளைக்குக் கரைப்பக்கம் வர வேண்டாம். கிச்சன்ல இருங்க. வர்றவங்களுக்கு வெல்கம் ட்ரிங்க் மட்டும் குடுங்க."

"சரிங்க தம்பி" என்றாள் தெய்வாத்தாள். வேறு என்ன சொல்வது?

ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் குடம் வைத்தாள். முப்பத்தைந்து. தண்ணீரில் வெறுங்கண்ணுக்கே செம்மை தெரிந்தது. அன்று குடிக்கவில்லை. நேராக ஒன்பதாவது வீட்டு முத்தாத்தாளிடம் போனாள். முத்தாத்தாளுக்கு இரண்டு எருமை, படுத்த படுக்கையாக ஒரு மாமியார், மிளகாய் அரைத்த மாதிரி ஒரு வாய்.

"ரெண்டு நாளைக்கு மாட்டப் புடிச்சுட்டு மேட்டுக்காட்டுக்குப் போயிரு புள்ள. எல்லாத்தையும் கூட்டிட்டுப் போ. கரை போற மாதிரித் தெரியுது."

முத்தாத்தாள் சாணி உருட்டுவதை நிறுத்தவில்லை. "முதலை இருக்குதுன்ன. நம்பி என்ற பையன் ஒரு வருசம் அக்கட்டயே போகல. இப்பக் கரை போகுதுங்கற. அடுத்த வாரம் மலை நடந்து வருதும்பியா?"

"முதலை பொய்யி. இது நெசம்."

"ரெண்டுக்கும் ஒரே மூஞ்சியத்தான வெச்சிருக்கற."

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் இருந்தது ஒரே மூஞ்சிதான். என்ன செய்ய?

சனிக்கிழமை பத்தரை மணிக்கு ரிசப்ஷன் வீட்டார் இடம் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் திருமூர்த்தி முன்னால் வந்தார். அன்னூர்ப் பக்கம் வாழையும் தென்னையும் வைத்திருக்கிற ஆள், வெள்ளை வேட்டி, கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. யஷ்வந்த் கூடவே நடந்து, மிதக்கும் மேடையையும், பந்தல்காரர் முஸ்தபா இறக்கி வைத்திருந்த துணி மூட்டைகளையும் காட்டிக்கொண்டு வந்தான்.

தெய்வாத்தாள் வெல்கம் ட்ரிங்க் தட்டோடு வெளியே வந்தாள்.

தட்டில் ஆறு கிளாஸ். திங்கள் முதல் சனி வரைக்கும். காலையில்தான் சனிக்கிழமையைப் பிடித்தாள். குடம் இருபத்தொன்றில் நிறைந்திருந்தது. அடியில் தங்கிய மண்ணை ஸ்பூனால் கலக்கி, ஒவ்வொரு கிளாஸின் விளிம்பிலும் விடுதி வழக்கப்படி ஒரு எலுமிச்சை வில்லையைச் சொருகியிருந்தாள். ஏமாற்று வேலைதான். ஆனால் அவளுக்குத் தெரிந்த வேலையும் அதுதான். சொன்னால் காதில் ஏறவில்லை. கையில் கொடுத்தால் ஏறுமோ என்னவோ.

திருமூர்த்தி தட்டைப் பார்த்தார். முதல் கிளாஸ் பளிச்சென்று இருந்தது. அடுத்தது லேசாக மங்கல். அப்படியே கருத்துக்கொண்டே போய்க் கடைசி கிளாஸ் நல்ல கலரில் நின்றது.

"நன்னாரியா அம்மணி?" என்று கடைசியை எடுத்தார்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அவர் ஒரு வாய் இழுத்தார். பல்லில் நறநறவென்று கடிபட்டது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு நிமிடம் நின்று, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"இது என்னுங்க அம்மணி?"

"அணைங்க."

"அணைத் தண்ணியா?"

"அணைத் தண்ணி இல்லீங்க. அணைங்க. அணை கரைஞ்சு வருதுங்க. இது திங்கக்கெழம. இது செவ்வாய். நீங்க குடிச்சது இன்னைக்குக் காத்தால வந்ததுங்க."

யஷ்வந்தின் முகம் நான்காவது கிளாஸின் நிறத்துக்கு வந்தது. "அக்கா, உள்ள போங்க. சார், சாரி, இவங்க..."

"இருங்க தம்பி." திருமூர்த்தி கிளாஸை வெயிலுக்கு நேரே பிடித்தார். மண் சுழன்று சுழன்று இறங்கியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "என்ற தோட்டத்துக் குட்டை போனப்ப மொதநாள் தண்ணி இந்தக் கலருதானுங்க. மறுநாள் மோட்டார் ரூமைக் காணோம். எங்கீங்க வருது, காட்டுங்க."

கரையின் அடிவாரத்துக்கு இறங்கினார்கள். யஷ்வந்தும் இறங்கினான். வெள்ளை ஷூ முதல் அடியிலேயே போனது. அங்கே, கல் சந்தில் கசிந்த ஊற்று இப்போது இல்லை. அதற்கு முழத்தூரத்தில் தரை வாய் திறந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் தண்ணீர் கொதிப்பதுபோல் மேலே மேலே வந்தது. தீ இல்லாமல் கொதித்தது. சுற்றிலும் செம்மண் எறும்புப் புற்று மாதிரி வட்டமாகக் குவிந்திருந்தது. தூங்குகிறவனின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதுபோல் அந்தத் தண்ணீர் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

திருமூர்த்தி செருப்பைக் கழற்றினார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

யஷ்வந்த் அண்ணாந்து பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் அணையைக் கீழேயிருந்து பார்த்தான். பிறகு திரும்பிப் பதினோரு கூரைகளைப் பார்த்தான்.

"மதகைத் தொறங்க தம்பி. ஒரேயடியா வேண்டாம், கொஞ்சங் கொஞ்சமா" என்றார் திருமூர்த்தி.

"மதகு மேலதானுங்க..." என்று யஷ்வந்த் கையைக் காட்டினான். கரையின் மேலே சிவப்பு இதயம் வெயிலில் பளபளத்தது.

"ஒடைங்க."

அதற்கப்புறம் அங்கே நடந்ததைத் தெய்வாத்தாள் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒருவரும் கத்தவில்லை. இடம் பார்க்க வந்த ஆட்கள் மடித்துக் கட்டிக்கொண்டு கலிங்குக்கு ஓடினார்கள். வலையை அறுத்தார்கள். அதில் ஒரு வாரத்துச் சருகும் குப்பையும் சுவர் மாதிரி அப்பிக் கிடந்தது. மணல் மூட்டைகளைத் தோளில் தூக்கிக் கீழே கொண்டு வந்தார்கள். நான்கு பேர் கடப்பாரையோடு இதயத்தைப் பிளந்தார்கள். யஷ்வந்த் விடுதியின் பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு பதினோரு வீட்டுக்கும் போனான். முத்தாத்தாளின் மாமியார் அந்த வண்டியில், வெளிநாட்டு விருந்தாளி மாதிரி, போர்வை போர்த்திக்கொண்டு மேடேறினார். பின்னால் எருமைகளை ஓட்டிக்கொண்டு முத்தாத்தாள்.

தெய்வாத்தாளின் கண் ஊற்றை விட்டு நகரவில்லை. தண்ணீர் வருவது கெடுதல் இல்லை, மண் வருவதுதான் கெடுதல். தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அவளுக்குத் தெரியாது. ஆனால் எது எதை விடும், எது எதைப் பிடிக்கும் என்று பத்தொன்பது வருடம் விரலால் பார்த்தவள். மேலே ஏறி முஸ்தபாவின் துணி மூட்டைகளைப் பிரித்தாள்.

"அக்கா, அக்கா, அது மேடைத் துணிங்க. திரும்பக் குடுக்கோணும்" என்று முஸ்தபா ஓடி வந்தார்.

"இது பாலிஸ்டரு. தண்ணியவே விடாது. காடா இருக்குதுங்களா பாய்?"

"கீழ விரிக்கக் கொண்டாந்தது இருக்குது. அது எதுக்குங்க, முரட்டுத் துணி?"

"முரடாத்தான் வேணும்."

காடாத் துணியை இழுத்து ஒரு முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினாள். "நாலு மடிப்பு போதும்" என்றாள். முஸ்தபா அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கொதிக்கும் தண்ணீரின் மேல் நான்கு மடிப்புக் காடாவைப் பரப்பினார்கள். அதன் மேல் ஜல்லி. ஜல்லி மேல் இன்னொரு துணி. சுற்றிலும் கிணற்றுச் சுவர் மாதிரி மணல் மூட்டைகள். தண்ணீர் அந்த வட்டத்துக்குள் இடுப்பளவு ஏறி நின்று, விளிம்பில் வழிய ஆரம்பித்தது. தெய்வாத்தாள் கிளாஸை நீட்டிப் பிடித்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இன்னும் சிவப்பு. கொட்டினாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பிடித்தாள். மங்கல். மூன்றாவது தடவை கிளாஸைத் தூக்கியபோது அதன் வழியாக எதிரே நின்ற திருமூர்த்தியின் மீசை தெரிந்தது.

அதே நேரத்தில் மேலே மதகுச் சக்கரம் அசைந்தது. அரை டின் டீசல், ஆறு பேர் கை. பதினோரு வருடம் மூடிக் கிடந்த இரும்பு போட்ட சத்தத்தில் மரத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. கரையின் வடக்கு ஓரத்தில், வீடுகளை விட்டு விலகி, மதகின் வாய் முதலில் இருமியது. கருப்புச் சேறு வந்தது. ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. ஒரு விலாங்கு மீன் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. ஆள் தொடை கனத்துக்கு, வெள்ளை வெளேரென்று, தரையே அதிர வந்தது. தெய்வாத்தாளின் பாதி செத்த இடது காதுக்குள்கூட அது கேட்டது. இவ்வளவு பெரிய ஒன்று பன்னிரண்டு வருடமாகத் தன் தலைக்கு மேலே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்று ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விசேஷம். ரிசப்ஷன் மறுநாள் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் ஹாலில் நடந்தது. டிரோன் உள்ளே பறந்து மின்விசிறியில் அடிபட்டது என்று கேள்வி.

திங்கட்கிழமை மதியம் தண்ணீர் மூன்றில் ஒரு பங்காக இறங்கியபோது, கரையின் உள்பக்கம் அந்த ஓட்டை வெளியே தெரிந்தது. தூங்குமூஞ்சி மரம் நின்ற இடத்துக்கு நேர் கீழே. வெட்டிய மரத்தின் வேர்கள் மண்ணுக்குள்ளேயே மக்கிப்போய், ஒவ்வொரு வேரும் ஒரு குழாயாகி, தண்ணீர் அதில் புகுந்து அரித்து அரித்து வழி பண்ணியிருந்தது. பார்க்க வந்த இன்ஜினியர் மண்டியிட்டு டார்ச் அடித்தார். கையில் இருந்த ஆறடிக் குச்சியை விட்டார். குச்சி முழுசாக உள்ளே போனது. அவர் எழுந்து, கரையை ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டு, "இது எப்படி நின்னுச்சு?" என்றார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை.

முத்தாத்தாள் வந்து ஓட்டைக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள். பிறகு கரைமேல் ஏறி, கீழே தன் வீட்டைப் பார்த்தாள். அவள் வாயில் வார்த்தை ஒன்றும் வராததை அந்த ஊர் முதல் தடவையாகப் பார்த்தது. தெய்வாத்தாளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். சாணிக் கை. தெய்வாத்தாள் உதறவில்லை.

நான்கு மணிக்குக் கார் வந்தது. வெங்கடலட்சுமி அம்மாள் இறங்கினார். எண்பது வயது, கைத்தடி. இப்போதும் சொத்து அவர் பெயரில்தான். கரைமேல் மெதுவாக நடந்து வந்து, மரம் இருந்த இடத்தில் நின்று, ஓட்டையைப் பார்த்தார்.

"நான் வெட்டியிருக்கக் கூடாது அவ்வா" என்றான் யஷ்வந்த் பாட்டியிடம்.

"வெச்சிருக்கவே கூடாதுரா. கரை மேல மரம் வைக்கலாமா?" என்றார் அவர். "எனக்கு வெயில் ஆகாதுன்னு வெச்சாரு." கைத்தடியால் ஓட்டையைக் காட்டினார். "இன்ஜினியர் என்ன சொல்றாரு?"

"பிரிச்சுப் புதுசாக் கட்டலாம், இல்லேன்னா கரையை வெட்டி ஓடையை விட்டுடலாம்ங்கறாரு."

வெங்கடலட்சுமி அம்மாள் தெய்வாத்தாள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தெய்வா. நீதான பாத்துட்டு இருந்த."

தெய்வாத்தாள் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அணையைப் பார்த்தாள். சேற்றில் சாய்ந்து கிடந்த வாத்துப் படகுகளைப் பார்த்தாள். அவளுக்கு இந்தத் தண்ணீர் மேல் ஆசை. பதினோரு வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத ஆசை.

"வெட்டிப்போடலாமுங்க அம்மா."

"தண்ணி இல்லேன்னா இங்க உனக்கென்ன வேலை?"

"தெரியலீங்க. ஆனா அந்த மண்ணு நெம்ப நாளாத் தனியாத் தாங்கியிருக்குதுங்க. எறக்கி விட்டரலாமுங்க."

வெங்கடலட்சுமி அம்மாள் பேரனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். யஷ்வந்த் தலையை ஆட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனான்.

பத்து நாள் கழித்து, மிச்சத் தண்ணீரும் மதகு வழியாக வடிந்த பிறகு, மண் அள்ளும் இயந்திரம் வந்து கரையின் நடுவே அகலமாக வெட்டியது. மரம் இருந்த இடத்திலேயே. மூன்று நாள் வேலை. கடைசி வாளி மண்ணை எடுத்தபோது மலை ஓடை மெதுவாக உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் பழைய வழி எது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஓடையைக் கேட்டால் தெரியும் போல. கணுக்கால் ஆழத்துக்கு நூல் பிடித்த மாதிரி இறங்கி, ஒரு பாறையைச் சுற்றி, வீடுகளுக்கு முப்பது அடி தள்ளி, ஐம்பது வருடம் கழித்து வீடு திரும்புகிறவன்போல ஓடியது.

தெய்வாத்தாள் அதன் கூடவே நடந்தாள். ஒன்பதாவது வீட்டுக்கு நேரே வந்தபோது, முத்தாத்தாள் அதற்குள் ஒரு துவைகல்லை உருட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் போட்டிருந்தாள். எட்டாவது வீட்டுக்காரி தன் கல்லைப் பக்கத்தில் போட இடம் கேட்டு நின்றாள்.

"அக்கட்டப் போ. இது நாம் புடிச்ச எடம்" என்று முத்தாத்தாள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் இருவரின் காலுக்கும் நடுவே தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது.